பள்ளிக்கூடமும் வேணும், 41 வீடும் இருக்கு: நான் யார் பக்கம் பேசறது?

கேள்வி: ஐயா வணக்கம். சேலம் அம்மாபேட்டை பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவியா இருக்கேன், என் பொண்ணு அங்கதான் ஒன்பதாவது படிக்கறா. பள்ளிய பிளஸ் டூ வரைக்கும் உயர்த்தப் போறாங்க, புது பில்டிங்குக்கு காம்பவுண்டுக்குப் பின்னாடி இருக்கற இடத்த எடுக்கணும்னு பேச்சு. அங்க 41 வீடு இருக்கு. கொஞ்சம் பேருக்கு நத்தம் (ஊர்க் குடியிருப்பு மனை) பட்டா, பாதிக்கு மேல புறம்போக்கு, ஏழெட்டு குடும்பம் வாடகை. அந்த வீட்டுப் பசங்களும் இதே பள்ளிலதான் படிக்குதுங்க. "ஆக்கிரமிப்ப எடுத்துட்டு வகுப்பறை, கலையரங்கம் எல்லாம் கட்டித் தரணும்"னு எஸ்எம்சில தீர்மானம் போடச் சொல்றாங்க. போட்டா அந்தத் தெருவுல நான் தலை காட்ட முடியாது, போடலன்னா "பத்தாவதோட நிக்கற பொண்ணுங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்"னு மத்த அம்மாங்க சொல்றாங்க. பேசாம ஓட்டெடுப்பு வச்சிடலாமான்னு இருக்கு. பேர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம்மா. மொதல்ல அந்த ஓட்டெடுப்ப விட்டுடுங்க. பள்ளில பிள்ளைங்க படிக்கற குடும்பம் நூத்துக்கணக்குல இருக்கும், பின்னாடி இருக்கறது 41, ரிசல்ட்டு இப்பவே தெரிஞ்ச எலக்‌ஷன எதுக்கு நடத்தணும்? 41 வீட்டுக்காரங்க தோத்தா வீடு போகும், பள்ளிக்கூடம் கேக்கறவங்க தோத்தா பிளஸ் ஒன் படிக்க பொண்ணு பழைய பஸ் ஸ்டாண்டு போயி இன்னொரு பஸ் மாறணும். ரெண்டும் கஷ்டந்தான், ஆனா ரெண்டும் ஒரே எடை இல்ல, கை தூக்கச் சொன்னா தலைய மட்டுந்தான் எண்ண முடியும்.

அதுக்காக பள்ளிக்கூடம் கேக்கறவங்க பக்கம் நியாயம் இல்லன்னு சொல்ல வரல. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, அதனால காசு இப்ப காரணம் இல்ல, சாயங்காலம் இருட்டற நேரத்துல ரெண்டு பஸ் மாறி வரணுமேங்கற பயந்தான் காரணம், அதுலயே எத்தன வீட்டுல பத்தாவதோட போதும்னு நிறுத்தி கொலுசு வேலைக்கு உக்கார வச்சிடறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த 41 வீட்டுலயும் பொண்ணுங்க இருக்கு, அதுங்களுக்கும் பிளஸ் டூ வேணும். அதனால இது பள்ளிக்கூடம் வேணுங்கறவங்களுக்கும் வேணாங்கறவங்களுக்கும் நடக்கற சண்டையே இல்லம்மா. எவ்வளவு இடம், எந்த இடம், வீட்டுச் சாவி மொதல்லயா ஜேசிபி மொதல்லயா, கேள்வி இது மூணுதான். இந்த மூணையும் யாரும் கேக்காம இருக்கறதாலதான் "நீ யார் பக்கம்"னு உங்களப் போட்டு இழுக்கறாங்க.

நான் வருவாய்த்துறைல நில எடுப்புப் பிரிவுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், அந்த ஆபீஸ் ஃபைல் எப்படி நகரும்னு தெரிஞ்சதால சொல்றேன். உங்க தீர்மானம் ஒரு காகிதம்னு நினைக்காதீங்க. "பயனாளிகள் தரப்பே கேட்டிருக்கிறார்கள்"னு ஒரு வரி போட்டு அத ஃபைல்ல சேத்துட்டாங்கன்னா அப்புறம் அதுக்கு மேல எவ்வளவு இடம் தேவைன்னு யாரும் அளந்து பாக்க மாட்டாங்க. அதனால அவங்க எழுதிக் குடுத்த வாசகத்துல கையெழுத்துப் போடாதீங்க. போடவே மாட்டேன்னும் சொல்லாதீங்க, வேற வாசகம் போடுவேன்னு சொல்லுங்க, அது என்னன்னு கடைசில சொல்றேன்.

எவ்வளவு இடங்கற கேள்விய எடுத்துக்கலாம். நீங்க எழுதினதுலயே "வகுப்பறை, கலையரங்கம் எல்லாம்"னு ஒண்ணு வந்து விழுந்திருக்கு. பிளஸ் ஒன் பிளஸ் டூ ரெண்டு குரூப்புன்னு வச்சுக்கிட்டா வகுப்பறை நாலு, லேப்பு, கூட பொண்ணுங்களுக்கு பாத்ரூமு, ஆசிரியர் ரூமு. இது மாடி வச்சுக் கட்டற விஷயம், இருக்கற பழைய பிளாக்குல அஸ்திவாரம் தாங்குமான்னு பொதுப்பணித்துறை இஞ்சினியர் வந்து பாத்துச் சொல்லணும், தாங்கலன்னா அந்த பிளாக்க இடிச்சுட்டு அதே இடத்துல மேல எழுப்ப முடியுமான்னு சொல்லணும். கலையரங்கம், சைக்கிள் ஸ்டாண்டு, வண்டி திரும்ப இடம், இதெல்லாம் வேற கணக்கு. வருஷத்துக்கு ஒரு ஆண்டு விழா நடக்கற கலையரங்கத்துக்காக ஒருத்தர் வீட்ட எடுக்கறதுக்கும் பிளஸ் ஒன் கிளாஸ் ரூமுக்காக எடுக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. லே-அவுட் படத்த வாங்கி அத எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) மேல வச்சுப் பாருங்க, எந்த வீட்டு மேல எது வந்து உக்காருதுன்னு தெரியும். கலையரங்கத்த எடுத்துட்டா 41 எவ்வளவாச்சும் குறையுதா, அத மொதல்ல தெரிஞ்சுக்காம யாரும் எதையும் பேசக்கூடாது.

இது நானா கண்டுபிடிச்ச கேள்வியும் இல்ல. 2013 நில எடுப்புச் சட்டம் (2014 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறை) 4-ஆவது பிரிவுல இதத்தான் கேக்குது: கேக்கற நிலம் திட்டத்துக்கு வேண்டிய ஆகக் குறைஞ்ச அளவுதானா, வேற இடம் பாத்தீங்களா, பாத்து ஏன் ஒத்துவரலன்னு முடிவு பண்ணீங்க. 8-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேல போயி, வர்ற நன்மை அங்க இருக்கற ஜனங்க படற கஷ்டத்த விடப் பெருசா இருக்கணும்ங்குது. சமூகத் தாக்க ஆய்வு பண்ணி, அந்த இடத்துலயே மக்கள கூப்பிட்டுக் கேட்டு, அப்புறம் ஒரு நிபுணர் குழு பாக்கணும், அந்தக் குழுல ரெண்டு பேரு அரசாங்கத்துல இல்லாத சமூக விஞ்ஞானிகளா இருக்கணும், ரெண்டு பேரு உள்ளாட்சிப் பிரதிநிதிங்க. வேண்டாம்னு எழுத அவங்களுக்கு அதிகாரம் இருக்கு.

ஆனா இங்கதான் ஒரு சங்கடம் இருக்கு, இதுல உங்க ஆளுங்க எல்லாரும் ஏமாறுவாங்க. இந்தச் சட்டம் அரசாங்கம் இன்னொருத்தர் நிலத்த எடுக்கும்போதுதான் வரும். நத்தம் பட்டா வச்சிருக்கற வீட்டுக்கு வரும், நில மதிப்புக்கு மேல அதே அளவு நூறு சதவீத ஆறுதல் தொகையும் சேத்து வரும். புறம்போக்குல இருக்கறவங்களுக்கு வராது, ஏன்னா கணக்குப்படி அது ஏற்கெனவே அரசாங்க நிலம், எடுக்கறதுக்கு என்ன இருக்கு? அவங்களுக்கு 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல 7-ஆவது பிரிவு நோட்டீஸு வரும், பதில் குடுக்கலன்னா 6-ல வெளியேத்தற உத்தரவு, அவ்வளவுதான், கருத்துக் கேப்பும் கிடையாது நிபுணர் குழுவும் கிடையாது. ஒரே தெரு, ஒரே தண்ணிக் குழாய், ஒரு வீட்டுக்காரரக் கூப்பிட்டு நாக்காலி போட்டுக் கேப்பாங்க, பக்கத்து வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவாங்க. வீட்டு வரி ரசீது இருக்கு, இபி கனெக்‌ஷன் இருக்கு, பி மெமோ (ஆக்கிரமிப்புக்குப் போடற தீர்வை) கட்டிட்டு வர்றோம்னு சொல்லுவாங்க, பாவம், அது எதுவும் பட்டா ஆகாது, எத்தன வருஷமா இருக்காங்கங்கறதுக்கு சாட்சியா மட்டுந்தான் நிக்கும். ஆனாலும் பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துல மாத்து வீடு கேக்கறப்ப அந்த சாட்சி ரொம்ப முக்கியம். நோட்டீஸ் வந்தா பதில் குடுக்கறதையும் அப்பீல் போறதையும் தள்ளிப் போடவே கூடாது, நாள் கணக்கு உண்டு.

வாட்ஸ்அப்புல ஒண்ணு சுத்திட்டு இருக்கும், 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு, 15 நாள் நோட்டீஸ் இல்லாம எந்த வீட்டையும் இடிக்க முடியாதுன்னு. தீர்ப்பு உண்மைதான், ஆனா ரோடு, நடைபாதை, ரயில்வே ஓரம், ஆறு குளம் ஏரி மாதிரி இடத்துல இருக்கறதுக்கு அந்த 15 நாள் கிடையாதுன்னு அதே தீர்ப்புல இருக்கு. அத நம்பி யாரும் உக்காந்திருக்க வேண்டாம்.

வாடகைக் குடும்பம் ஏழெட்டுன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டீங்க, எனக்கு அங்கதான் ரொம்பக் கவலை. நில எடுப்புல மொதல்ல காணாமப் போறது வாடகைக்காரங்கதான். பட்டா வீட்டுக்காரருக்கு பணம் வரும், வாங்கிக்கிட்டு காலி பண்ணுன்னு சொல்லிடுவாரு. சட்டப்படி டவுன்ல 3 வருஷமோ அதுக்கு மேலயோ அங்கேயே குடியிருக்கற குடும்பம் சொந்த மனை இல்லன்னாலும் பாதிக்கப்பட்ட குடும்பந்தான், ரெண்டாவது அட்டவணைல டவுனுக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு, ஒரு வருஷத்துக்கு மாசம் 3,000, சாமான் ஏத்திட்டுப் போக 50,000, இன்னொரு 50,000 மறுகுடியமர்வுக்குன்னு இருக்கு. ஆனா லிஸ்ட்டுல பேர் ஏறினாத்தானே? வீட்டுக்காரர் "வாடகைக்கு யாரும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டா சர்வேக்கு வர்றவரு அப்படியே எழுதிக்குவாரு.

அதனால நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை வீடு வீடா ஒரு லிஸ்ட்டு. வேற யார் மூலமாவும் வாங்காதீங்க, நீங்களும் எஸ்எம்சில இருக்கற ரெண்டு மூணு அம்மாங்களும் நேரா போயி எழுதுங்க, அந்தத் தெருவுலேர்ந்தே ஒருத்தர கூட வச்சுக்கோங்க. எத்தன பேரு, எத்தன வருஷமா, என்ன காகிதம், சொந்தமா வாடகையா, பிள்ளைங்க எந்த வகுப்பு, வீட்டுல என்ன வேலை நடக்குது. கடைசில சொன்னது ரொம்ப முக்கியம்மா, அம்மாபேட்டைல வீடுன்னா அது பாதி பட்டறை.

ஒரு தறிக்காரர் வீட்ட நினைச்சுப் பாருங்க. முன் ரூமுல பாதி தரைல குழி, குழிக்குள்ள கால விட்டு மிதிபலகைய மிதிச்சுக்கிட்டு நெய்யறாரு. பாவு (தறியோட நீளவாக்கு நூல்) போடறதுக்கு வெடிகாலைல வீட்டு முன்னாடி தெரு நீளத்துக்கும் கட்டி இழுத்து, வெயில் ஏறறதுக்குள்ள கஞ்சி போட்டு உலத்தி எடுக்கணும், அதுக்கு நேரான தெரு வேணும், பக்கத்து வீட்டுக்காரர் கை குடுக்கணும், இன்னொரு நாள் அவரு பாவுக்கு இவரு கை குடுப்பாரு. இவருக்கு வாரியத்துல மூணாவது மாடில சுமாரா 400 சதுர அடில ஒரு வீடு குடுத்தா சாவிய வாங்கிக்கிட்டு என்ன பண்ணுவாரு? மூணாவது மாடில குழி தோண்ட முடியாது, தெரு மேல ஏறி வராது. வீடு குடுத்தாச்சுன்னு ஆபீஸ்ல டிக் பண்ணிடுவாங்க, அவரு வேலை போனது எந்தக் கட்டத்துலயும் வராது. கொலுசு வேலை செய்யற பொம்பளைங்களுக்கும் இதே கதைதான், பட்டறைக்காரர் வெள்ளிய எடை போட்டுக் குடுத்து, கண்ணி கோத்து வந்ததும் எடை போட்டு வாங்கிக்கறாரு, அது நாலு தெரு தள்ளி இருக்கற பழக்கத்துல, நம்பிக்கைல நடக்கற வேலை. ஊரு ஓரத்துல கொண்டு போயி குடிவச்சா அவ்வளவு தூரத்துக்கு யாரு வெள்ளி குடுத்து அனுப்புவாங்க? சட்டத்துல கைவினைஞர் குடும்பத்துக்கு ஒரு தடவைக்கு 25,000-க்குக் குறையாம உதவித்தொகைன்னு இருக்கு, அதுவும் பட்டா வழியா வர்றப்பதான், அத வச்சு தறிய இடம் மாத்திப் போடவே பத்தாது.

ஆக, மாத்து வீடு எங்கங்கறதுதான் இதுல பெரிய பஞ்சாயத்து. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரைக்கும் குடிசை மாற்று வாரியம்னு இருந்ததுதான்) எங்க காலியா கட்டி வச்சிருக்கோ அங்கதான் குடுக்கும், அதுல பயனாளி பங்குன்னு ஒரு தொகை கேக்கும். அது யார் கட்டறதுன்னு இப்பவே கேளுங்க. கேக்க வேண்டியது கலெக்டர்கிட்ட: அதே வார்டுக்குள்ள, இல்ல பக்கத்து வார்டுல, மாநகராட்சி நிலம் எதுவாச்சும் இருக்கா, தறி இருக்கற குடும்பத்துக்கு மட்டுமாச்சும் தரைத்தளமா, இல்ல ஹவுஸ் சைட் பட்டாவா குடுக்க முடியுமா. எல்லாருக்கும் கிடைக்காது, நான் ஆசை காட்டல. ஆனா லிஸ்ட்டுல "குழித்தறி 6" அப்படின்னு எண்ணிக்கையா இருந்தா அத மறுக்கறதுக்கு அவங்க எழுத்துல காரணம் சொல்லணும், "தறிக்காரங்க கஷ்டப்படுவாங்க"ன்னு சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

இன்னொண்ணு, ஏரி புறம்போக்கா ஓடை புறம்போக்கான்னு பாருங்க. அம்மாபேட்டை சுத்தி ஏரி வாய்க்கால் எது எங்க ஓடுச்சுன்னு பெருசுங்கள கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. "நீர்நிலை ஆக்கிரமிப்பு, கோர்ட்டே எடுக்கச் சொல்லிருக்கு"ன்னு சொல்லி வீட்ட எடுக்க வர்றவங்க, அதே இடத்துல ஸ்கூல் கட்டறேன்னு சொன்னா திருப்பிக் கேளுங்க, நீர்நிலைன்னா பள்ளிக்கூடமும் கட்டக்கூடாதேன்னு. வீடு இருந்தா ஓடை, பில்டிங் வந்தா தரைன்னு ஒரே நிலத்துக்கு ரெண்டு பேர் வைக்க முடியாது. 

நம்ம ஜில்லாவுல இதுல ஒரு அனுபவம் எல்லாருக்கும் இருக்கு. 2018-ல சென்னை எட்டு வழிச் சாலைக்கு, 277 கிலோமீட்டர், வந்து கல்லு நட்டாங்க, அதுக்கப்புறந்தான் பேச்சே ஆரம்பிச்சுது. 2019 ஏப்ரல்ல ஐகோர்ட்டு ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அறிவிக்கை செல்லும்னுச்சு, இத்தனைக்கும் நடுவுல அந்த ஜனங்க கிணறு வெட்டலாமா வீட்டுக்கு ஓடு மாத்தலாமான்னு தெரியாம உக்காந்திருந்தாங்க. ரோடு வேணுமா வேண்டாமாங்கறது வேற விவாதம், அதுக்குள்ள நான் போகல. உங்க தெருவுல யாராச்சும் சுண்ணாம்பு கோடு போட வந்தாங்கன்னா, எந்த ஃபைல், எந்த உத்தரவு நம்பர்னு கேட்டு எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி அளவே எடுக்க விட வேண்டாம்னு சண்டைக்கு நிக்கவும் வேண்டாம். அளந்தாத்தான் நமக்கும் எத்தன வீடு தப்பிக்கும்னு தெரியும்.

கூட்டம் போடறதப் பத்தி. பட்டா இல்லாதவங்களுக்கு சட்டம் தராத கருத்துக் கேப்ப நீங்களே நடத்தலாம், யாரும் தடுக்க முடியாது, நத்தம், புறம்போக்கு, வாடகை மூணு பேரையும் ஒரே நாள் கூப்பிடுங்க. ஆனா மொத கூட்டத்துலயே பள்ளிக்கூடம் கேக்கற அம்மாங்களையும் இவங்களையும் ஒண்ணா உக்கார வச்சிடாதீங்க. மொதல்ல அந்தத் தெருவுக்கு நீங்க போங்க, பள்ளிக்கூடத்துக்கு அவங்கள வரச் சொல்லாதீங்க, அவங்களப் பொறுத்தவரைக்கும் அந்த காம்பவுண்டுதான் இப்ப எதிராளி. ராத்திரி ஏழு மணிக்கு மேல வச்சாதான் ஆம்பளைங்க இருப்பாங்க, ஆனா பொம்பளைங்க தனியா பேசறதுக்கு மத்தியானம் ஒரு தடவ போங்க, வாடகைக்கு இருக்கற அம்மா வீட்டுக்காரர் முன்னாடி வாயே திறக்காது. ஏரியா சபைக் கூட்டம் நடந்தா அதுல இந்த லிஸ்ட்ட பதிவு பண்ணுங்க, கவுன்சிலர மேடைல வச்சுக் கேக்காதீங்க, முன்னாடியே போயி சொல்லிடுங்க. யாரு ரொம்ப சத்தமா "பொண்ணுங்க படிப்பு பொண்ணுங்க படிப்பு"ன்னு பேசறாங்கன்னும் கவனிங்க, அவங்க வீட்டுப் பொண்ணு அரசுப் பள்ளில படிக்குதா, இல்ல பின்னாடி ரோடு அகலமானா அவங்க மனை விலை ஏறுதான்னு பாத்துக்குங்க. எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லல, ஆனா இந்த மாதிரி விஷயத்துல கண்டிப்பா ஒருத்தராச்சும் இருப்பாரு.

இப்ப தீர்மானம். இப்படிப் போடுங்க, உங்க வார்த்தைல: மேல்நிலை வகுப்பு வரும் கல்வியாண்டுலயே தொடங்கணும், கட்டடம் வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கற மாநகராட்சிக் கட்டடத்துலயோ இருக்கற வகுப்பறையிலயோ நடத்தணும். வகுப்பறையும் லேப்பும் இப்ப இருக்கற வளாகத்துல மாடியா கட்ட முடியுமான்னு எழுத்து மூலமா இஞ்சினியர் அறிக்கை வேணும். முடியாதுன்னா எத்தன வீடு, எதுக்காகன்னு படத்தோட காட்டணும், கலையரங்கத்துக்காக ஒரு வீடும் எடுக்கக்கூடாது. எடுக்கற வீட்டுக்கு பட்டா, புறம்போக்கு, வாடகை மூணு வகைக்கும் மாத்து இடம் குடுத்து சாவி கைல வந்த பிறகுதான் இடிக்கணும், அதுவும் முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்சு மே மாசத்துலதான். மாசம் குறிச்சுக் கேக்கறது சின்னப்பிள்ளைத்தனம்னு யாராச்சும் சொன்னா, 1985-ல பம்பாய் நடைபாதை வாசிகள் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே மழைக்காலம் முடிஞ்சு அக்டோபர் 31 வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு தேதி குறிச்சுதான் தீர்ப்பு குடுத்துச்சுன்னு சொல்லுங்க.

மொத வரி ரொம்ப முக்கியம், பில்டிங் வந்தாதான் பிளஸ் ஒன்னுன்னு கட்டிப் போட்டுட்டாங்கன்னா அந்த அம்மாங்களோட கோவம் பூரா 41 வீட்டு மேல திரும்பும், கிளாஸ் தனியா ஆரம்பிச்சுட்டா ரெண்டு பக்கமும் மூச்சு விட்டுப் பேசறதுக்கு நேரம் கிடைக்கும்.

இவ்வளவு பண்ணியும் கடைசில பத்துப் பதினஞ்சு வீடு போகத்தான் வேணும்னு வரலாம். வந்தா நீங்க அதுக்கு கையெழுத்துப் போடலாம்னுதான் நான் சொல்லுவேன், எல்லா வீட்டையும் காப்பாத்தினாதான் நியாயம்னு வச்சுக்கிட்டா எந்த ஊர்லயும் ஆஸ்பத்திரியும் வராது பள்ளிக்கூடமும் வராது. ஆனா போடறப்ப அந்தப் பதினஞ்சு பேரும் ரூமுல இருக்கணும், யாரு எங்க போறாங்கன்னு உங்க கைல பேர் பேரா இருக்கணும். அதுல நாலு பேரு உங்ககிட்ட பேச மாட்டாங்க, அது இருக்கும், அத சரி பண்ண எந்த வழியும் என்கிட்ட இல்ல.

திங்கக்கெழமை குறைதீர் கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி இசேவைலயோ தமிழ்நிலம் சைட்டுலயோ அந்த இடத்துக்கு நகர நில அளவைப் பதிவேடு நகல எடுத்துடுங்க, வார்டு, பிளாக்கு, டவுன் சர்வே நம்பர் மூணும் வேணும், வீட்டு வரி ரசீதுல இல்லன்னா பட்டா வச்சிருக்கறவர்கிட்ட இருக்கும். அதுல வகைப்பாடு என்னன்னு போட்டிருக்குன்னு பாத்து எழுதுங்க. நத்தம்னு இருந்தா மேல சொன்னது அப்படியே பொருந்தும், புறம்போக்குன்னு சொல்றாங்களே அந்த வீடுங்களும் நத்தத்துக்குள்ளயே இருந்தா அது அரசாங்க நிலமே இல்லன்னு வாதாடறதுக்கு இடம் இருக்கு, ஒரு நல்ல வக்கீல பாக்கணும். ஓடைன்னு இருந்தா பள்ளிக்கூடத்துக்கே வேற இடந்தான் தேடணும், அப்ப மறுபடியும் எழுதுங்க.